ராம் மாற்றியபின் கணினி இயங்கவில்லையா?

வேகம் குறைந்த ஆய்வகக் கணினிகளுக்குக் கூடுதல் ராம் பொருத்துவது செலவு குறைந்த வழி. ஆனால் சில நேரங்களில் ராமைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும். திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். உடனே ‘பழுது’ என்று எழுதி ஒதுக்கிவிட்டால், மாணவர்களுக்கு ஒரு கணினி குறைந்துவிடும். பெரும்பாலும் ராம் சரியாக அமராததோ, வகை பொருந்தாததோதான் காரணம். மாணவர்களின் கோப்புகள் வன்தட்டில் இருப்பதால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஏன் இப்படி ஆகிறது?

கணினி தொடங்கியதும் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் நினைவகத்தைச் சோதிக்கிறது. நினைவகம் கிடைக்காவிட்டால், திரையில் எதுவும் காட்டாமலே நின்றுவிடும். சில கணினிகள் பீப் ஒலி எழுப்பும். அதன் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கையேட்டைப் பார்க்கவும்.

என்ன செய்யலாம்?

1. உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினியைத் திறக்கும் முன் தலைமையாசிரியரிடம் தெரிவித்து அதன் நிபந்தனைகளைப் பார்க்கவும்.

2. மின்கம்பியைக் கழற்றியபின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தவும். உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடவும்.

3. ராமின் வகையைப் பார்க்கவும். மேசைக்கணினிக்கான டிடிஆர்3 ராமில் 240 முனைகள். டிடிஆர்4 ராமில் 288. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். பொருந்தாததை அழுத்தித் திணிக்கக் கூடாது.

4. ராமைக் கழற்றி, முனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, மீண்டும் நேராக அழுத்தவும். கொக்கி ‘க்ளிக்’ என்று பூட்ட வேண்டும்.

5. பழைய ராமை மட்டும் பொருத்திப் பார்க்கவும். கணினி இயங்கினால், புதியதை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பார்க்கவும். எதிலும் இயங்காவிட்டால் புதிய ராம் பழுதானது அல்லது பொருந்தாதது. ஒவ்வொரு முறையும் மின்கம்பியைக் கழற்றியபின்பே ராமைத் தொடவும்.

6. பழைய ராமிலும் இயங்காவிட்டால், வேலையின்போது தளர்ந்த கம்பிகளையும் திரை இணைப்பையும் சரிபார்க்கவும். அடுத்து, மின்கம்பியைக் கழற்றிய நிலையில், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்துவிட்டுத் திரும்பப் பொருத்தவும். பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். தேதி, நேரத்தைப் பிறகு சரிசெய்ய வேண்டும்.

டிடிஆர்5 உள்ள புதிய கணினிகள் முதன்முறை தொடங்கச் சில நிமிடங்கள் எடுக்கலாம். அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்வதும் இதனால்தான். செய்து பார்த்ததையும் விளைவையும் அட்டவணையாக எழுதுங்கள். அதன்பின்னும் இயங்காவிட்டால், அந்த அட்டவணையோடு பழுதுநீக்குபவரிடம் கொடுங்கள். அவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.