'பீப்' கேட்டால் கலெக்டருக்கு எழுதுங்க!

பாளையம்பட்டிப் பக்கம் கரிசல் காட்டை உழும்போது ஒரு பானை ஓடு தட்டுப்பட்டால் போதும். "புதையல்டா மாப்ளே!" என்று நாலு பேர் கூடிவிடுவார்கள். முன்பெல்லாம் குறி கேட்டுத் தோண்டினார்கள். இப்போது மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா என்று விசாரிக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் போலீஸ்காரர் கையில் பார்த்திருப்பீர்களே, அதன் அண்ணன் இது. நீளக் கம்பு, நுனியில் ஒரு தட்டு.

தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சின்ன மின்னோட்டம் கிளம்பும். அதை மோப்பம் பிடித்து மிஷின் 'பீப்' அடிக்கும். தங்கக் காசுக்கும் பீப், சோடா மூடிக்கும் பீப், மாட்டு லாடத்துக்கும் பீப்! விலை கூடின மிஷின் ஓரளவு பிரித்துச் சொல்லும். ஓரளவுதான்.

இங்கிலாந்தில் இது பிரபல பொழுதுபோக்கு. 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடி மிஷினோடு போனார் எரிக் லாஸ். அகப்பட்டதோ ரோமானியர் காலத்துக் காசுகள், கிட்டத்தட்ட 15,000! கூடவே தங்க நகை, வெள்ளிக் கரண்டி. மனுஷர் பாதியிலேயே தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொல்லிவிட்டார். மறுநாள் ஆய்வாளர்கள் வந்து, வைத்தது வைத்தபடி எடுத்தார்கள். வெகுமதி 17.5 லட்சம் பவுண்ட். வயல்காரருக்கும் பங்கு கொடுத்தார். சுத்தியலும் கிடைத்தது. இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில்!

கை பரபரக்கிறதா? பொறுங்க சார். நம் நாட்டில் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். (அன்றைய பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு டீக்கே சரியாப் போச்சு!) சொந்தக்காரர் இல்லை என்று கலெக்டர் முடிவு செய்தால், பொதுவாகக் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். மறைத்தால்? பங்கு போச்சு. ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது ரெண்டுமே. பி.காம். மூளைக்குப் புரிகிறபடி சொன்னால், வரவு பூஜ்யம், செலவு ஜெயில். தொல்லியல் துறை பாதுகாக்கிற இடத்திலோ அனுமதி இல்லாமல் தோண்டுவதே குற்றம்.

சட்டத்தை விடுங்கள். 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் தலைமேல் ஒரு வெட்டு! ஒன்றிரண்டில் இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அத்தனை காசிலும் இருந்ததால்தான் யாரோ வேண்டுமென்றே வெட்டியது தெரிந்தது. ஆளுக்கு நாலாய்ப் பங்கு போட்டு உருக்கியிருந்தால் மிஞ்சியிருப்பது வெறும் தங்கம். ரோமாபுரியோடு நம்மவர் செய்த வியாபாரத்துக்குச் சாட்சி போயிருக்கும். நம் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் அடுக்கடுக்காக அளந்து தோண்டியதும் இதனால்தான். எந்த ஆழத்தில், எதோடு கிடைத்தது என்பதுதான் காசின் ஜாதகம். பிடுங்கி எடுத்த காசுக்கு ஜாதகம் கிடையாது.

மிஷின் ஆசை விடவில்லையா? களையெடுக்கும்போது அத்தை தொலைத்த கம்மலைத் தேடிக் கொடுங்கள். காசு ஆசையா? பாட்டியின் சுருக்குப்பையைத் திறக்கச் சொல்லுங்கள். 1943-ல் அறிமுகமான ஓட்டைக் காலணா ஒன்றாவது கிடக்கும். அதற்குக் கலெக்டருக்கு எழுத வேண்டாம். பாட்டி சொல்கிற கதையைக் கேட்கப் பொறுமை இருந்தால் போதும்!