உணரி வலையமைப்பில் ஆற்றலும் கண்காணிப்புப் பரப்பும்

கம்பியற்ற உணரி வலையமைப்பு என்பது வெப்பநிலை, ஈரப்பதம் முதலியவற்றை அளந்து வானொலி அலைகள் வழியே அனுப்பும் சிறு கருவிகளின் தொகுதி ஆகும். இக்கருவிகள் கணுக்கள் எனப்படும். இவை பெரும்பாலும் மின்கலத்தில் இயங்குகின்றன. 2002 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் கூட்டுவளைகளை ஆராய 32 கணுக்கள் நிறுவப்பட்டன. அடைகாக்கும் பறவைகளுக்கு இடையூறு நேரும் என்பதால், இத்தகைய இடங்களில் மின்கலங்களை அடிக்கடி மாற்ற இயலாது.

உறக்க முறை

தகவல் வராதபோதும், அதனை எதிர்நோக்கிக் கேட்டுக்கொண்டிருப்பதற்கே கணுவின் வானொலிப் பகுதி ஆற்றலைச் செலவிடுகிறது. எனவே கணுக்களை நெருக்கமாக நிறுவி, ஒரு பகுதியை விழிப்பிலும் ஏனையவற்றை உறக்கத்திலும் முறைவைத்து இயக்குவர். ஒரு கணுவின் பரப்பு முழுவதையும் அண்டைக் கணுக்கள் கண்காணிக்குமாயின் அக்கணு உறங்கலாம். ஆனால் இரு அண்டைக் கணுக்கள் ஒன்றையொன்று நம்பி ஒரே நேரத்தில் உறங்கினால், கண்காணிக்கப்படாத இடைவெளி தோன்றக்கூடும். இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு கணுவும் வெவ்வேறு கால அளவு காத்திருந்து, அண்டைக் கணுக்களின் நிலையை அறிந்த பின்னரே முடிவெடுக்கும்.

இணைப்பு

பரப்பில் இடைவெளி இல்லாவிடினும், இணைப்பு அறுந்தால் அளவீடுகள் வந்து சேரா. வானொலி எட்டும் தூரம் உணரும் தூரத்தைப்போல் குறைந்தது இரு மடங்காக இருப்பின் இச்சிக்கல் எழாது. ஒன்றையொன்று தொடும் இரு உணர்வட்டங்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் இரு ஆரங்களுக்கு மேற்படாது என்பதே இதற்குக் காரணம். அந்நிலையில், பரப்பு முழுவதையும் காக்கும் கணுக்கள் தாமாகவே இணைந்தும் இருக்கும்.