மரத்தில் பாடி கட்டிய கார்

எம்ஜி என்றால் நம்மூர்ச் சாலையில் இன்று கண்ணில் படுவது ஹெக்டரும் விண்ட்ஸர் மின்காரும். 2025இல் சைபர்ஸ்டர் என்ற திறந்த மின்காரும் அதே பெயரில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. பொத்தானைத் தொட்டால் போதும், அதன் இரண்டு கதவுகளும் தாமாகவே மேலே எழும்பி நிற்கும்.

ஆனால் இந்தப் பெயரைக் கடல்தாண்டிக் கொண்டுபோனது வேறொரு இரட்டைக் கதவுக் கார். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜி டிசி. மொத்தம் 10,000 வண்டிகள். அவற்றில் 2,000 அளவில் அமெரிக்காவுக்குப் போயின. டிசியின் கதவுக்குக் கீல் பின்பக்கம். தாழ்ப்பாள் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் ஓட்டத்தில் காற்றே கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். அந்தக் கீலைத் தாங்கும் தூண் மரம். கதவுக்குள் இருக்கும் சட்டமும் மரம்.

மரச்சட்டக் கார் என்று சொன்னால் சேஸியே மரம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. சேஸி எஃகுதான். அதன்மேல் உட்காரும் உடலின் எலும்புக்கூடு ஆஷ் என்ற மரம். அதைச் சுற்றி மெல்லிய எஃகுத் தகடு போர்த்தி, ஓரங்களை மடக்கிச் சிற்றாணி அடித்திருப்பார்கள். எம்ஜியின் தாய்க் கம்பெனியான மோரிஸுக்குக் கோவென்ட்ரியில் இருந்த பாடிப் பட்டறையில் கட்டி முடித்த உடல்கள் லாரியில் ஏறி அபிங்டனுக்கு வரும். அங்கே சேஸியோடு சேரும்.

அந்தக் காலத்தில் ஏன் மரம்? எஃகைப் பற்றித் தெரியாமல் அல்ல. அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவரின் ஆலை 1914லேயே டாட்ஜ் சகோதரர்களுக்கு முழு எஃகு உடல் செய்து கொடுத்தது. மோரிஸின் கார் ஆலை இருந்த கௌலியிலேயே 1926இல் பிரெஸ்டு ஸ்டீல் கம்பெனி தொடங்கியாயிற்று. விஷயம் வெறும் கணக்குதான். தகட்டை அழுத்தி வளைக்கும் அச்சுகளுக்கு ஆகும் செலவு, வண்டிகள் லட்சக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். நான்கு ஆண்டுகளில் பத்தாயிரம் வண்டி விற்கும் கம்பெனிக்கு ரம்பமும் உளியும் தெரிந்த தச்சர்களே மலிவு. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டியதும் இதே கணக்கில்தான்: சேஸி கம்பெனியிலிருந்து வரும், மற்றதை ஆசாரி பார்த்துக்கொள்வார். எம்ஜியும் 1955இல் எம்ஜிஏ வந்தபோது எஃகு உடலுக்கு மாறிவிட்டது. அதிலும் தரைப்பலகை மட்டும் பிளைவுட்டாகவே இருந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆஷ் மரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் குணம். அடி தாங்கும், வளையும், நிமிரும், திருகாணியை விடாமல் பிடிக்கும். ஐரோப்பாவில் சுத்தியல் பிடியும் கோடரிக் காம்பும் அதில்தான் செய்வார்கள். வேகமாக வளர்ந்து, ஆண்டு வளையங்கள் அகலமாக விழுந்த மரமே இதில் வலுவானது. பைன் வகைகளில் இது நேர் தலைகீழ். ஒரே குறை, ஈரத்தைத் தாங்காது. கூரையில்லாத காருக்கு ஈரம் தாங்காத மரம். டிசியைக் கட்டியவர்கள் அது எண்பது ஆண்டு ஓடும் என்று எண்ணிக் கட்டவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இன்று இந்தக் காரைப் புதுப்பிக்க எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, கதவின் அடிவிளிம்பை. கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீலோடு சேர்ந்து தூணும் ஆடினால் தூணின் அடி போய்விட்டது என்று அர்த்தம். மழைநீர் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கி, கீழே நெடுகப் போகும் அடிச்சட்டத்தில்தான் தேங்கும். வெளியே தகடு பளபளக்கும். உள்ளே ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்தால் ஊறின ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கும். திருகுகள் துருவேறித் தலை மட்டும் மிஞ்சியிருக்கும்.

இந்த நேரத்தில் ஆசையோடு எல்லாவற்றையும் பிரித்துப் போடுவதுதான் பெரிய ஆபத்து. கூரை இருந்தால் அதுவாவது உடலைப் பிடித்து வைத்திருக்கும். திறந்த காரில் அடிச்சட்டத்தை உருவிய கணமே தூண்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்துவிடும். தெரிந்தவர்கள், கதவு இருந்தபடியே இருக்கையில் தூணுக்குத் தூண் குறுக்குச் சட்டம் அடித்து இறுக்குவார்கள். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதி வைப்பார்கள். சேஸி முறுக்கமில்லாமல் மட்டமாக இருக்கிறதா என்று முதலிலேயே சரிபார்த்துவிடுவார்கள். எஞ்சின் பாரம் ஏறும்போது சேஸி சற்றே தணியும் என்பதையும் கணக்கில் கொள்வார்கள். பிறகு ஒரு துண்டைக் கழற்றி, அதைப் பார்த்துப் புதிது செய்து, பொருத்தி, அதன் பிறகே அடுத்த துண்டு. தகடு போர்த்துவதற்கு முன்பே கதவைத் தொங்கவிட்டு மூடித் திறந்து பார்த்தாக வேண்டும். போர்த்திய பிறகு கதவு இடித்தால் பாதி வேலையைப் பிரிக்க நேரும்.

இப்போது கணினி ரம்பத்தில் அறுத்த முழு மரச்சட்டத்தையும் பெட்டியில் வாங்கலாம். அதை இளக்காரமாகப் பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். அழகான வேலை, மூட்டுகள் கச்சிதம். ஆனால் அது வரைபடத்துக்குச் சரியான சட்டம். கோவென்ட்ரித் தச்சர்கள் ஒவ்வொரு உடலிலும் அங்கங்கே இழைத்து, தட்டி, ஆப்பு வைத்துத்தான் கதவைப் பொருத்தினார்கள். ஒரு டிசியின் கதவைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் இடைவெளி ஒத்துவராது. ஆகவே பெட்டியில் வந்த சட்டத்தையும் இருக்கிற தகட்டுக்கு ஏற்ப இழைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அரிதாகிவிட்டார். அன்று வரிசையில் நின்று நாள் முழுக்க ஒரே மூட்டைச் செய்த வேலை, இன்று வண்டி முழுவதையும் ஒருவரே படித்தறிய வேண்டிய வேலையாகிவிட்டது.

பசையும் மாறிவிட்டது. பழைய வண்டிப் பட்டறைகளில் வச்சிரம் காய்ச்சிப் பூசினார்கள். ஈரம் பட்டால் இளகும். இன்று எபாக்ஸி. மக்கிய பகுதியை வெட்டியெடுத்து, சரிவாகச் சீவிப் புதுக்கட்டையை ஒட்டினால் பழைய மரத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். அதற்கு எபாக்ஸி வரப்பிரசாதம். மூட்டு மூட்டாக அதையே ஊற்றிக் கல்லாக்குவது வேறு. சேஸி முறுக்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் உடலாகத்தான் இதைக் கட்டினார்கள். விறைத்த மூட்டு பக்கத்து மரத்தைப் பிளக்கும் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் காட்டில் நடந்திருக்கிறது. ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் பிரிட்டனில் இருப்பது 2012இல் உறுதியானது. அந்நாட்டு ஆஷ் மரங்களில் 80 சதவீதம் வரை அழியக்கூடும் என்கிறார்கள். அமெரிக்காவில் மரகதப் பச்சை நிற வண்டொன்று கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்தது. 2002இல் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம், கார்களின் தலைநகரான டெட்ராய்ட் அருகே! இதற்கு நடுவிலும் இங்கிலாந்தின் மால்வர்னில் மோர்கன் கம்பெனி இன்றும் புதிய கார்களின் உடலை ஆஷ் மரத்தில்தான் கட்டுகிறது. சேஸி மட்டும் அலுமினியமாகிவிட்டது.

உங்கள் கொட்டகையில் பழைய திறந்த கார் ஒன்று நின்றால் ஒன்றே ஒன்று சொல்வேன். உளுத்துப்போன துண்டு என்று எதையும் குப்பையில் போடாதீர்கள். இடம், வலம், மேல், கீழ் என்று எழுதி, பையில் கட்டி வையுங்கள். தச்சருக்கு அதுதான் அளவு.