மீனுக்குப் போடும் தீனிதான் பசளை

மண்ணில்லாப் பயிர்ச்செய்கையின் பலவீனம் அதன் பசளையில் இருக்கிறது. வேருக்கு ஊட்டும் அல்பர்ட் கரைசல் போன்ற கலவைகளுக்குத் தோட்டக்காரர் கடையை நம்பியிருக்கிறார். கடை கப்பலை நம்பியிருக்கிறது. 2021 மேயில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்ட இடைக்காலத்தில், அந்த நம்பிக்கைக்கு என்ன விலை என்பதை நாடே கண்டது. ஆகவே மீன்தொட்டியையும் கீரைப்பாத்தியையும் ஒரே நீரோட்டத்தில் இணைக்கும் முறைமீது கண் விழுவது இயல்பு. மீன் வெளிவிடும் அமோனியாவை ஒருவகை பற்றீரியா நைத்திரைற்றாக்கும், இன்னொருவகை அதை நைத்திரேற்றாக்கும். பயிர் அதை உறிஞ்சியபின் நீர் மீண்டும் தொட்டிக்குப் போகும். ஆனால் ‘பசளைச் செலவே இல்லை’ என்ற விளம்பரம் பாதி உண்மைதான். நைதரசன் மீனில் உற்பத்தியாவதில்லை, அது தின்னும் தீனியில் வருகிறது. 32 சதவீதம் புரதமுள்ள ஒரு கிலோ தீனியில் சுமார் 51 கிராம் நைதரசன் உண்டு. அதில் மூன்றிலொரு பங்கு அளவையே மீன் உடம்பில் சேர்க்கிறது. கீரைக்குக் கிடைப்பது மிச்சம். பசளைக் கடைக்குப் போகாதவர் தீனிக் கடைக்குப் போகிறார், அவ்வளவே. இலாபம் என்னவென்றால், அதே தீனி மீனுக்கும் கீரைக்குமாக இருமுறை பயன்படுகிறது.

இந்த முறையைப் பண்ணை அளவுக்கு வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ரக்கோசி. கரீபியன் கடலின் சென் குரோய் தீவில், வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் அவர் திலாப்பியாவோடு துளசி வகையையும் வெண்டியையும் வளர்த்தார். அங்கும் இரும்பு, கல்சியம், பொற்றாசியம் ஆகிய மூன்றையும் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. இந்த அமைப்பின்மேல் போடும் பசுமைக்குடில் குளிர்நாட்டில் சூட்டைப் பிடித்து வைப்பதற்கானது. கொழும்பின் கிருலப்பனையிலோ அது மழையைத் தடுக்கும் கூரையும் பூச்சியைத் தடுக்கும் வலையுமாக, பக்கங்களில் காற்றோட்டத்தோடு இருந்தால் போதும். நான்கு பக்கமும் பொலித்தீனால் மூடினால் கீரை வெந்துவிடும். கொழும்பின் வெப்பம் திலாப்பியாவுக்கும் பற்றீரியாவுக்கும் பிடிக்கும், சலாதுக்குப் பிடிக்காது. ஹோட்டல் விலையைக் கனவு கண்டு சலாதை நடுவதைவிட, கொழும்பு வீடுகளில் தினமும் சுண்டப்படும் கங்குனை நடுவதே புத்தி. வாய்க்கால் ஓரங்களிலும் சதுப்புகளிலும் விளையும் கங்குன் எந்த நீரைக் குடித்து வளர்ந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. தொட்டிக் கங்குன் குடித்த நீர் தெரியும். எனக்கு இந்த முறையின் முதல் நியாயம் இதுதான்; தண்ணீர் மிச்சம் என்ற வாதம் இவ்வளவு மழை பெய்யும் ஊரில் பெரிதாக எடுபடாது.

மின்சாரம் நின்றால் மீன் செத்துவிடுமே என்பார்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நகரத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்றுப் பம்பி நின்றால் சில மணிநேரத்திலேயே ஒட்சிசன் தீர்ந்துவிடும். அதற்கு விடை பெரிய ஜெனரேட்டர் அல்ல, குறைந்த மீன். சிறு அமைப்புகளுக்கு உலக உணவு விவசாய நிறுவனம் சொல்லும் உச்சம் 1,000 லீற்றருக்கு 20 கிலோ. கிருலப்பனைக்கு அதில் பாதி போதும், கூடவே பற்றரியில் ஓடும் சிறு பம்பி ஒன்று. 10 கிலோ மீன் நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் தீனி தின்னும். கீரை வகைக்குச் சதுர மீற்றருக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்ற கணக்கில், அது இரண்டு முதல் ஐந்து சதுர மீற்றர் பாத்தியைத் தாங்கும். டெங்கு பற்றிய அச்சம் இதைவிட எளிதில் தீரும்: மீன் உள்ள நீரில் நுளம்புக் குடம்பி தப்பாது. கவனிக்க வேண்டியவை மீன் போகாத மிதவைப் பாத்தியும் திறந்த குழாய் முனையும்தான். அவற்றை மூடிவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் பயமில்லை.

கடினமான கேள்வி பாரம். 1,000 லீற்றர் நீர் ஒரு தொன். பழைய மொட்டைமாடியில் அதை ஏற்றுமுன் பொறியியலாளர் ஒருவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது; கேட்டபின் பலருக்குத் தொட்டியை முற்றத்தில் வைத்து, பாரம் குறைந்த குழாய்ப் பாத்தியை மட்டும் மேலே ஏற்ற நேரும். அப்போது நீரை மேலே தள்ளும் மின்சாரச் செலவு கூடும். கடல்மீனுக்குப் பழகிய வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாடிக்கையாளர் திலாப்பியாவுக்கு நல்ல விலை தருவார் என்றும் எண்ண வேண்டாம். மீன் விற்ற காசில் தீனிச் செலவு அடைந்தால் போதும் என்றும், மின்கட்டணத்தைக் கீரைதான் சுமக்க வேண்டும் என்றும் வைத்துக் கணக்குப் போடுபவரே தொட்டி வாங்கலாம்.