ஆர்டர் ஒருவருக்கு, இரைச்சல் ஊருக்கு

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் தென்பகுதியில் போனிதன் என்றொரு சின்னக் குடியிருப்பு இருக்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்குச் சொந்தமான ‘விங்’, 2018-இல் அங்கே ட்ரோன் டெலிவரி சோதனையைத் தொடங்கியது. செல்போனில் ஆர்டர் கொடுத்தால் போதும். காபி, சாப்பாடு, மருந்துக்கடைச் சாமான் என்று கேட்டது சில நிமிடங்களில் வீட்டுக்கே வந்துவிடும். ட்ரோன் தரையிறங்காது. கூரைக்குச் சற்று மேலே அந்தரத்தில் நின்று, கயிற்றில் பொட்டலத்தை இறக்கி, அது தரையைத் தொட்டதும் கொக்கியை விடுவித்துக்கொண்டு திரும்பிப் போகும்.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் சில மாதங்களிலேயே போனிதன் மக்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புக் குழு அமைத்தார்கள். அவர்களுடைய முதல் புகார் சத்தம். பத்துக்கும் மேற்பட்ட சிறு விசிறிகள் ஒரே சமயத்தில் சுழலும்போது எழும் கீச்சென்ற இரைச்சல், ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டது. தோட்டத்தில் உட்கார முடியவில்லை, நாய்கள் மிரள்கின்றன, பறவைகள் வருவதில்லை என்று அடுக்கினார்கள். தலைக்கு மேலே பறப்பதில் கேமரா இருக்கிறதே, அது எதையெல்லாம் படம் பிடிக்கும் என்ற கேள்வியும் எழுந்தது. ஆதரித்தவர்களும் அதே தெருக்களில் இருந்தார்கள். கைக்குழந்தையோடு கடைக்குப் போக முடியாத தாய்க்கும், நடமாட்டம் குறைந்த முதியவருக்கும் இது உதவி என்றார்கள்.

பிரச்சினை அந்தப் பிரதேசத்தின் சட்டமன்றம் வரை போனது. 2019-இல் நடந்த விசாரணையில் முக்கியமான உண்மை ஒன்று வெளிப்பட்டது. விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் பார்த்தது பாதுகாப்பை மட்டும்தான்: ட்ரோன் விழுமா, மோதுமா என்பதை. சத்தத்துக்கு யார் பொறுப்பு என்பதில் தெளிவே இல்லாமல் இருந்தது. புகாரோடு அலைந்த மக்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. அனுமதி கொடுக்க ஒரு வாசல் இருந்தது. முறையிட வாசல் இல்லை. பிறகுதான் இரைச்சல் விவகாரம் ஆஸ்திரேலிய மத்திய அரசின் உள்கட்டமைப்புத் துறையின் பொறுப்புக்கு வந்தது.

விங் நிறுவனமும் பாடம் கற்றது. சத்தம் குறைந்த விசிறிகளைப் பொருத்தியது. நகரின் வடக்கே வணிகச் சேவையைத் தொடங்கியபோது, காலை 7 மணிக்கு முன்பும், ஞாயிறுகளில் 8 மணிக்கு முன்பும் பறக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆனாலும் 2023-இல் கான்பெரா சேவை முடிவுக்கு வந்தது.

இதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் நடந்ததைப் பாருங்கள். மலைகள் நிறைந்த அந்த நாட்டில், பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்படும் பெண்ணுக்குச் சரியான வகை ரத்தம் நேரத்துக்குக் கிடைப்பது உயிர்ப் பிரச்சினை. 2016 அக்டோபரில் ‘ஸிப்லைன்’ என்ற நிறுவனம் அரசோடு சேர்ந்து, முஹாங்காவில் இருந்து மருத்துவமனைகளுக்கு ட்ரோனில் ரத்தம் அனுப்பத் தொடங்கியது. கவண்போல் ஒரு ஏவுமேடையிலிருந்து கிளம்பும் சிறு விமானம் அது. மருத்துவமனை வளாகத்தில் பாராசூட் கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டு, நிற்காமல் திரும்பிவிடும். ரத்தம் சீக்கிரம் வந்தது மட்டுமல்ல, கெட்டுப்போய்க் கொட்டப்படும் ரத்தமும் வெகுவாகக் குறைந்ததாக, 2022-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான ஆய்வு சொன்னது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2021 அக்டோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மணிப்பூரின் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியில் உள்ள காராங் தீவுக்கு ட்ரோனில் கொரோனா தடுப்பூசி அனுப்பியது. தரைவழியில் 26 கிலோமீட்டர், வான்வழியில் 15. கால் மணி நேரத்துக்குள் தடுப்பூசி போய்ச் சேர்ந்தது.

ஒரு ஊர் வரவேற்கிறது, இன்னொரு ஊர் விரட்டுகிறது. போனிதன் மக்கள் தொழில்நுட்பத்துக்குப் பயந்தவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது அநியாயம். ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை ஆறு நகர்ப்பகுதிகளில் கருத்துக் கேட்டு, 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. ட்ரோன், வான் டாக்ஸி போன்றவற்றை 83 சதவீதம் பேர் நல்லெண்ணத்தோடுதான் பார்த்தார்கள். மருத்துவ அவசரத்துக்கு என்றால் ஆதரவு இன்னும் கூடுதல். அச்சம் எங்கே என்று கேட்டபோது பாதுகாப்பு, சத்தம், சுற்றுச்சூழல் என்று தெளிவாகச் சொன்னார்கள்.

சத்தத்தை வெறும் டெசிபல் கணக்காகப் பார்ப்பதும் தவறு. ஒரே அளவு சத்தமாக இருந்தாலும், சாலை வாகனத்தைவிட ட்ரோன்தான் அதிக எரிச்சல் தருகிறது என்பதை நாசாவின் ஆய்வு 2017-லேயே கண்டறிந்தது. நம் தெருத் திருவிழா மைக்செட்டைப் பொறுத்துக்கொள்கிறோம். அது நம்முடையது, மூன்று நாளில் முடிந்துவிடும் என்று தெரியும். யாரோ ஒருவருடைய காபிக்காகத் தினமும் நம் கூரைமேல் கேட்கும் இரைச்சல் அப்படி அல்ல.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள காலேஜ் ஸ்டேஷன் நகரமும் 2024-இல் இதைத்தான் சொன்னது. அமேசான் தன் ட்ரோன்களை ஒரு நாளைக்கு 200-க்குப் பதிலாக 469 தடவை பறக்கவிட அனுமதி கேட்டபோது, குடியிருப்போர் கொதித்தார்கள். மேயரே விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்.

இந்தியாவில் 2021-இன் ட்ரோன் விதிகள், பச்சை மண்டலங்கள் எனப்படும் கட்டுப்பாடற்ற வான்பகுதிகளில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை என்கின்றன. புதிய தொழில் வளர இந்தத் தாராளம் வேண்டியதுதான். ஆனால் ஆர்டர் கொடுப்பவர் ஒருவர்; ட்ரோன் கடந்துபோகும் கூரைகள் நூறு. அந்த நூறு வீட்டாரின் சம்மதத்தை வாடிக்கையாளரின் கைதட்டலை வைத்து அளக்க முடியாது. மலைக்கிராமத்துக்குப் போகும் பாம்புக்கடி மருந்தையும் மாடிவீட்டுக்கு வரும் பீட்சாவையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது.

சேவை தொடங்கும் முன்பே பறக்கும் பாதை, நேரம், ஒரு நாளைய எண்ணிக்கை மூன்றையும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். கிராம சபையிலும் நகர்ப்புற வார்டுகளிலும் அதை வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். புகாரை வாங்கவும் சேவையை நிறுத்திவைக்கவும் அதிகாரமுள்ள ஒரே அலுவலகம் இருக்க வேண்டும். போனிதன் மக்கள் சண்டை போட்டுப் பெற்றதை நம் ஊர்கள் முன்கூட்டியே பெறலாம். அப்படிக் கேட்டுவிட்டு வரும் ட்ரோனை வரவேற்க நம் மக்கள் ஒருபோதும் தயங்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.