மடிக்குள் ஒரு தாமிரபரணி

"பொசுக்குனு அணைஞ்சிருது மாமா. வைரஸா இருக்குமோ?"

பாபநாசம் படித்துறையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு விக்கிரமசிங்கபுரத்து வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா மகள் மடிக்கணினியை நீட்டினாள். எதுவும் சொல்லாமல் அணைந்துவிடும் எந்திரத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் முதலில் வைரஸ் ஞாபகம்தான் வருகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு வரி இருந்தது. மயங்கி விழுந்தவன் எழுந்ததும் "விழுந்துட்டேன்" என்று சொல்வதுபோலத்தான் அது. ஏன் விழுந்தான் என்பது அதில் இருக்காது.

"எவ்வளவு நேரத்துல அணையுது?"

"இருபது நிமிஷம். வீடியோ எடிட் பண்ணா பத்தே நிமிஷம். சார்ஜர் போட்டாலும் அப்படித்தான்."

"எங்க வச்சுப் பாக்க?"

"மெத்தையிலதான் மாமா."

சார்ஜர் போட்டும் அணைகிறது என்றதும் பேட்டரி மீதிருந்த சந்தேகம் குறைந்தது. கிழட்டு பேட்டரியின் கதை வேறு. சார்ஜர் இல்லாதபோது 40 சதவீதம் காட்டிக்கொண்டே சட்டென்று நின்றுவிடும். வயதாக ஆக அதன் உள்தடை கூடுகிறது. கணினி திடீரென அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிகிறது. தெருவில் எல்லாரும் குழாயைத் திறக்கும்போது கடைசி வீட்டில் நூலாய் ஒழுகுமே, அதுபோல. லித்தியம் செல் ஒன்றில் அழுத்தம் 3 வோல்ட்டை நெருங்கினால் காவல் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும்.

இவள் கணினியில் துண்டித்தது வேறொரு காவல். 1944 முதல் ஓடும் பாபநாசம் நீர்மின் நிலையத்திலும் இப்படியொரு காவல் உண்டு. அங்கே மின்சாரம் போகும் வழி திடீரென அறுந்தால் டர்பைன் தறிகெட்டு வேகமெடுக்கும். அதற்குள் தண்ணீர் வரும் வழி தானே மூடிக்கொள்ளும். "மிஷின் டிரிப் ஆயிட்டு" என்பார்கள். பழுது வேறெங்கோ இருக்கும். டிரிப் ஆனதால்தான் எந்திரம் பிழைத்திருக்கும். மடிக்கணினியின் பிராசஸரும் இப்படித்தான். பெரும்பாலானவை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால் மின்சாரத்தையே வெட்டிவிடும்.

இந்தப் புத்தி ஆரம்பத்தில் எல்லாச் சில்லுகளுக்கும் இருக்கவில்லை. 2001-ல் ஒரு சோதனையில், ஓடிக்கொண்டிருந்த பிராசஸர்கள் மீதிருந்த குளிர்விப்பானைக் கழற்றிப் பார்த்தார்கள். பென்டியம் 4 வேகம் தளர்ந்து ஓடியது. ஆத்லான் புகைந்து செத்தது.

சரி, சூடு ஏன் வெளியேறவில்லை? திருப்புளியால் அடிமூடியைக் கழற்றினேன். சில்லின் மேலிருந்து விசிறி வரைக்கும் ஒரு சாண் நீளத்துக்குத் தட்டையான செப்புக் குழாய் போகிறது. கெட்டிச் செம்பு என்று நினைப்போம். உள்ளே வெற்றிடம், சுவரோடு நுண்துளைத் திரி, அதில் சொட்டுச் சொட்டாய்க் கொஞ்சம் தண்ணீர்! உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. இந்தக் குழாய்க்குள் அழுத்தம் மிகமிகக் குறைவு. வெதுவெதுப்பிலேயே நீர் ஆவியாகிவிடும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். அத்தனை வெப்பத்தையும் சுமந்துகொண்டு ஆவி விசிறி முனைக்கு ஓடுகிறது. அங்கே குளிர்ந்து, சுமையை இறக்கிவைத்து, நீராகித் திரிவழியே ஊறித் திரும்புகிறது. பொதிகையில் பெய்த மழை தாமிரபரணியாக 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேர்ந்து, ஆவியாகி, மறுபடி மழையாகிறதே, அந்தச் சுற்றேதான்! தாமிரத்துக்குள் ஓடுவதால் இதைத்தான் தாமிரபரணி என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த வெப்பக்குழாய்க்கு அமெரிக்காவில் முதல் காப்புரிமை கிடைத்ததும், பாபநாசம் மின்நிலையம் ஓடத் தொடங்கிய அதே 1944-ல்தான்.

குழாயில் பழுதில்லை. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தூசும் மெத்தைப் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலை ஊர்தான், ஆனால் அந்தப் பழியை ஆலைமேல் போட முடியாது. கீழே காற்று உறிஞ்சும் துளையை மெத்தை அடைத்திருந்தது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, விசிறி சுற்றாதபடி பிடித்துக்கொண்டு தூசை அகற்றினேன். காய்ந்து பொரிந்திருந்த வெப்பப் பசையையும் மாற்றினேன். செய்து பார்க்கிறவர்கள், பேட்டரி உப்பியிருந்தால் கைவைக்காமல் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இரண்டு மணி நேரம் வீடியோ ஓட்டிப் பார்த்தாள், அணையவில்லை. மெத்தையில் வைத்தால் மறுபடியும் அணையும். ஒரு பலகை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.