உங்களுக்குத் தெரியுமா? பிரான்சை அச்சுறுத்திய ஊசி

1998 அக்டோபரில் பிரான்ஸ், பள்ளிகளில் போட்டுவந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நிறுத்திவைத்தது. ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் வந்ததே காரணம். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கும் நோய் அது. பயம் நியாயமானதுதான், ஆனால் அந்த நோய் பெரும்பாலும் இளம் வயதில் தலைகாட்டுவது, ஊசி போடாதவர்களுக்கும் வருவது. 2001இல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்ததில் ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ஐரோப்பிய நோயாளிகளிடம் நடந்ததில், ஊசிக்குப் பிந்தைய 2 மாதங்களில் நோய் திரும்பத் தாக்குவது கூடவில்லை.

இதேபோல் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்கள் உள்ளவர்கள் தடுப்பூசி விஷயத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியது, தாங்கள் எடுக்கும் மருந்தை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்போருக்குத் தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் ஆபத்தாகலாம். ஃப்ளூ ஊசியில் அந்த ஆபத்து இல்லை.